கவுன்சில் வேறு, சங்கம் வேறு: நர்ஸ் எதில் சேர வேண்டும்?

போன மாதம் காட்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பெண், நான் இருபது வருஷம் வார்டில் நின்றவள் என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தாள். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்து மூன்று வருஷம் ஆகிறது. குடியாத்தம் பக்கம் 30 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. மாதம் 11,000 ரூபாய். நைட் டியூட்டியில் அவள் ஒருத்திதான் படித்த நர்ஸ். கூட இருக்கும் இரண்டு பெண்களும் பத்தாவது முடித்துவிட்டு அங்கேயே ஊசி போடக் கற்றுக்கொண்டவர்கள். மூன்று பேருக்கும் ஒரே நிற யூனிஃபார்ம்.

"நீ சங்கத்துல இருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கேனேக்கா. கவுன்சில்ல பதிஞ்சு நம்பர்கூட வாங்கிட்டேன்" என்றாள்.

ரசம் ஊற்ற வந்தவர் நாங்கள் நிமிர்வதற்குள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். அந்த அளவுக்குப் பேச்சு நீண்டது. இந்தக் குழப்பம் அவளுக்கு மட்டும் உரியது இல்லை. வேலூர் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ நர்சுகள் கவுன்சிலையும் சங்கத்தையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கவுன்சில் என்பது சட்டம் போட்டு உருவானது. நம் மாகாணத்தில் 1926லேயே சென்னை செவிலியர், பேறுகாலத் தாதியர் சட்டம் வந்துவிட்டது. இன்றைய தமிழ்நாடு நர்சுகள், மிட்வைஃப்கள் கவுன்சில் அதன் வழி வந்ததுதான். படிப்பு முடித்தவர் அங்கே பதிந்தால்தான் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள முடியும். வெளிநாடு போகிறவர்களுக்குச் சான்று சரிபார்த்து அனுப்புவதும் அதுதான். இதற்கெல்லாம் மேலே, நாடு முழுவதும் படிப்பின் தரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று 1947ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. இந்த அமைப்புகள் எல்லாம் முதலில் நோயாளிக்காக இருப்பவை. ஊசி போட வருகிறவருக்கு ஊசி போடத் தெரியும் என்று ஊருக்கு உறுதி சொல்வதுதான் கவுன்சிலின் வேலை. நர்சுக்கு மாதம் எவ்வளவு சம்பளம், இரவில் ஒருத்தி எத்தனை படுக்கை பார்க்கிறாள், அவளுக்கு வார விடுப்பு உண்டா என்று கேட்டு மாதாமாதம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது அதன் வேலை இல்லை. அதை அங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சங்கத்தை நர்சுகளே சேர்ந்து உண்டாக்கினார்கள். சேரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, சேராவிட்டால் வேலையும் போகாது. நாட்டிலேயே மூத்தது டி.என்.ஏ.ஐ. என்று நாம் சொல்லும் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம். 1905ல் லக்னோவில் ஒன்பது ஐரோப்பிய நர்சிங் சூப்பரின்டென்டென்ட்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1908ல் பம்பாயில் பயிற்சி பெற்ற நர்சுகளுக்கான சங்கம் தோன்றியது. 1910ல் அதற்கென ஒரு பத்திரிகையும் வந்தது. 1912ல் உலகச் செவிலியர் சங்கங்களின் பேரவையில் சேர்ந்தார்கள். 1922ல் இரண்டு சங்கங்களும் ஒன்றாயின.

அதே வருஷங்களில் வேலூரில் என்ன நடந்தது என்று பாருங்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1902ல் ஷெல் ஆஸ்பத்திரியைக் கட்டி, 1909ல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்ணை அந்த வேலைக்கு யார் அனுப்புவார்கள்? அடுத்தவர் உடம்பைத் தொடுவது, பெட்பேன் எடுப்பது, ராத்திரியில் வெளியே தங்குவது என்று எல்லாமே ஊர் ஏசுகிற காரியங்கள். அப்படி ஏச்சு வாங்கிக்கொண்டு வந்த பெண்கள் நின்ற இடத்தில்தான் 1946ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. தில்லியில் அதே வருஷம் தொடங்கிய கல்லூரியும் வேலூரும்தான் இந்தப் படிப்பில் நாட்டுக்கே முன்னால் போனவை.

சங்கத்தின் பெயரிலேயே 'பயிற்சி பெற்ற' என்ற சொல் முதலில் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். படித்துப் பயிற்சி எடுத்தவளுக்கும் ஆஸ்பத்திரியில் கூடமாட ஒத்தாசை செய்கிறவளுக்கும் வித்தியாசம் உண்டு என்று ஊரை ஒப்புக்கொள்ள வைப்பதே அன்று பெரிய போராட்டம். சரி, இன்று அது முடிந்துவிட்டதா? குடியாத்தம் பெண் சொன்ன அந்த ஒரே நிற யூனிஃபார்மை நினைத்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்யும் அந்த இரண்டு பெண்களையும் நான் குறை சொல்லவில்லை, அவர்களும் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். ஆனால் ஆறேழாயிரத்துக்கு ஆள் கிடைக்கும்போது படித்தவளுக்கு எதற்கு இருபதாயிரம் என்று நிர்வாகம் கணக்குப் போடுகிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால் மட்டும் மூன்று பேரின் பொறுப்பும் படித்தவள் தலையில் விழுகிறது.

இனி என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்கு முதல் வேலை இந்த மாவட்டத்தில் ஒரு ஊரில், ஒரு சின்ன நர்சிங் ஹோமில். சேரும்போதே பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிப்ளமா, பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் அறையில் பச்சை நிற இரும்பு பீரோ. அதன் மேல்தட்டில் ரப்பர் பேண்ட் போட்ட கவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர். ஒரு வருஷம் கழித்து வேறு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. ஒரிஜினல் வேண்டும். கேட்டேன். மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். ஒடுகத்தூரிலிருந்து அப்பா பஸ் ஏறி வந்தார். மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. அப்பா நின்றபடியே, "ஐயா, பொண்ணு படிச்ச சர்டிபிகேட் ஐயா அது" என்றார். வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் என் காதுக் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினோம்.

இன்று யோசித்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஏனென்றால், அப்போது என் டிரங்குப் பெட்டியில் மாணவர் செவிலியர் சங்க அட்டை கிடந்தது. 1929லிருந்து டி.என்.ஏ.ஐ.யின் கீழ் இயங்கும் மாணவர் அமைப்பு அது. படிக்கும்போது டியூட்டர் பணம் வாங்கிக்கொண்டு எல்லோரையும் சேர்த்துவிட்டார். போஸ்டர் போட்டி, பாட்டுப் போட்டி, விளக்கேற்றும் விழா என்று மூன்று வருஷம் நன்றாகத்தான் போனது. ஆனால் படிப்பு முடிந்ததும் பெரிய சங்கத்தில் சேர வேண்டும், சர்டிபிகேட்டை யாராவது பிடித்து வைத்தால் அங்கே போய்ச் சொல்லலாம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் 2011ல் டி.என்.ஏ.ஐ. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளமும் வேலை நிலைமையும் பற்றிய பொதுநல வழக்கு. 2016 ஜனவரி 29 அன்று தீர்ப்பு வந்தது. நான்கு வாரத்துக்குள் ஒரு குழு அமைத்து ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. அந்தக் குழு கொடுத்த பரிந்துரையை ஒவ்வொரு நர்சும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரியில் மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். 100 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்கு மேல் என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்கும் குறைவான படுக்கை என்றாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. விடுப்பு, வேலை நேரம், போக்குவரத்து, தங்குமிடம் இவற்றிலும் அரசு நர்சுகளுக்கு இணையான வசதி வேண்டும் என்றது குழு.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இன்னாக்கா சொல்ற, இருபதாயிரமா? எங்களுக்கா?" என்றாள். 30 படுக்கை. அவளைப் பற்றித்தான் அந்தக் கடைசி வரி.

இந்த வழக்கை ஒற்றை நர்ஸ் போட்டிருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். போட்டிருந்தால் மறுநாள் வேலை போயிருக்கும். தில்லிக்குப் போய்வரவும் வக்கீலுக்குக் கொடுக்கவும் பணம் ஏது? ஐந்து வருஷம் வாய்தா வாய்தாவாக யார் அலைவார்கள்? பதிவு பெற்ற ஒரு அமைப்பு, நாடு முழுவதும் கிளையும் உறுப்பினரும் உள்ள ஒன்று, 'எங்கள் நர்சுகளுக்காக வந்திருக்கிறோம்' என்று போய் நின்றதால்தான் நீதிமன்றம் காது கொடுத்தது. சங்கத்தில் சேர வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். பத்திரிகை வரும், மாநாட்டுக்குப் போகலாம், தொடர்கல்வி வகுப்பில் இடம் கிடைக்கும் என்பதெல்லாம் நல்லதுதான். அதிலும் தொடர்கல்வி நேரத்தைப் பதிவுப் புதுப்பித்தலோடு சேர்த்திருப்பதால் அது பயன்படும். ஆனால் அவை அடுத்த வரிசையில் நிற்பவை.

ஆனாலும் பரிந்துரை வந்து இத்தனை வருஷம் ஆகியும் குடியாத்தத்துப் பெண் 11,000 வாங்குகிறாள். ஏன்? சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு. தில்லியில் வந்த பரிந்துரை கோட்டைக்கு வந்து, ஆணையாகி, மாவட்டத்துக்கு இறங்கி, ஒவ்வொரு நர்சிங் ஹோமின் சம்பளப் பதிவேடு வரை போக வேண்டும். அந்த நீண்ட வழியில் ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று தள்ள வேண்டும். கேரளாவில் தள்ளினார்கள். 2011ல் திருச்சூரில் ஸ்டாஃப் நர்சுகளே தொடங்கிய ஐக்கிய நர்சுகள் சங்கம் 2017ல் பெரிய வேலைநிறுத்தம் நடத்தி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்ற அரசு அறிவிக்கை வரும்வரை விடவில்லை. நீதிமன்றத் தீர்ப்பு எல்லா மாநிலத்துக்கும் பொதுவானது. கேரளாவில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள்.

இங்கேதான் டி.என்.ஏ.ஐ. போன்ற தொழில்முறைச் சங்கத்தின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது தொழிற்சங்கம் இல்லை. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் 1917ல் பதிவான அமைப்பு. படிப்பின் தரம், தொழிலின் மதிப்பு, சட்டத்தில் நர்சின் இடம் இவைதான் அதன் பழைய பலம். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்து, நிர்வாகத்தோடு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசுவது அதன் பழக்கம் அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். 1905ல் அதைத் தொடங்கியவர்கள் சூப்பரின்டென்டென்ட்கள். இன்றும் ஒரு ஊரில் கூட்டம் நடந்தால் மேடையில் பிரின்சிபால் மேடமும் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடமும் உட்கார்ந்திருப்பார்கள், கீழே அவர்களிடம் டியூட்டி ரோஸ்டர் வாங்கும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தொடர்ந்து ஏழு நைட் போட்டுவிட்டார்கள் என்று அந்தப் பெண் எழுந்து சொல்வாளா? பெரியவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும் வாய் வராது. கேரளாவில் ஸ்டாஃப் நர்சுகள் தனியாகக் கூடியதை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் புரியும்.

அரசுப் பணியில் இருப்பவர்களின் கதை வேறு மாதிரி. 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான நர்சுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் ஆகும் என்று நம்பி வந்தவர்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் சுகாதாரத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தபோது அங்கங்கே மாவட்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு சம்பளம் 14,000, 18,000 என்று ஏறியது. கொரோனாக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்த ஒப்பந்த நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் கடைசியோடு வேலை முடிந்தது என்று அனுப்பியபோதும், தெருவுக்கு வந்து கேட்டவர்கள் சங்கமாகத்தான் வந்தார்கள். இவர்களுக்கு டி.என்.ஏ.ஐ. அட்டை மட்டும் போதாது. தங்கள் பணிப் பிரிவுக்கு உரிய சங்கமும் வேண்டும். இரண்டிலும் இருப்பதில் எந்த முரணும் இல்லை.

ஆகவே 'நர்ஸ் சங்கத்தில் சேரலாமா' என்ற கேள்விக்கு வேலூர் மாவட்டத்திலேயே இடத்துக்கு இடம் பதில் மாறும். ஐடா ஸ்கடர் ரோட்டில் இருப்பது போன்ற பெரிய மிஷன் ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு, சேர்வது படிப்போடும் பதவியோடும் சேர்ந்து வருகிற இயல்பான காரியம். சுற்றிலும் பத்து மூத்தவர்கள் உறுப்பினர்களாக இருப்பார்கள், வழி காட்டுவார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருப்பவருக்கு, மேலே சொன்ன மாதிரி இரண்டும் வேண்டும். மூன்றாவது வகை குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர், வாலாஜா என்று ஊர்ஊராக இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளின் நர்சுகள். (மாவட்டத்தை 2019ல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், ஆனால் பஸ்ஸும் வேலையும் பிரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.) சங்கம் மற்ற எல்லோரையும்விட அதிகம் தேவைப்படுவது இவர்களுக்கு. சங்கம் குறைவாக எட்டிப்பார்ப்பதும் இவர்களைத்தான். ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று பேர், அடுத்த தெருவில் நான்கு பேர். ஒருவரை ஒருவர் தெரியாது. கல்யாணத்துக்கு, வெளிநாட்டுக்கு என்று இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுவிடுவார்கள். சந்தா வசூலிக்கக்கூட முகவரி இருக்காது.

"பணம் கட்டிச் சேர்ந்தேன், ஒரு கடுதாசிகூட வரலை" என்று என்னிடம் சொன்ன சிஸ்டர்கள் பலர். அவர்கள் சொல்வது உண்மை. சங்கம் தூங்குகிறது என்றால் அதைச் சத்தமாகவே சொல்ல வேண்டும். ஆனால் வெளியே நின்று சொன்னால் அது புகாராகத்தான் போகும், உள்ளே இருந்தால் ஓட்டுப் போடலாம். டாக்டர்களைப் பாருங்கள். இந்திய மருத்துவச் சங்கம் 1928ல் தொடங்கியது, நம்முடையதைவிட இளையது. ஆனாலும் டாக்டருக்கு ஒரு பிரச்சினை என்றால் மறுநாள் ஊர் முழுக்கக் கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. ஏன் என்றால் பிராக்டீஸ் ஆரம்பிக்கும் டாக்டர் போர்டு மாட்டும் கையோடு உள்ளூர்க் கிளையிலும் சேர்ந்துவிடுகிறார். நாம் தலையெண்ணிக்கையில் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

இப்போது சேர்வதற்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. 1947 சட்டத்தில், இந்திய நர்சிங் கவுன்சிலில் டி.என்.ஏ.ஐ. தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒருவருக்கு என்று ஓர் இடம் எழுதி வைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023ல் தேசிய செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் வந்தது. ஆணையத்தில் யார் உட்காருவது என்பது பெரும்பாலும் அரசின் கையில். பாடத்திட்டம், பதிவேடு, யார் என்ன வேலை செய்யலாம் என்ற வரையறை எல்லாம் அங்கேதான் முடிவாகப் போகின்றன. உள்ளே நமக்கென்று ஒதுக்கிய நாற்காலி இல்லாதபோது, வெளியிலிருந்து பேசுகிற சங்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், சாதாரண ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கவுன்சில் போட்ட பழைய கணக்கே இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அதை வார்டுக்குள் கொண்டுவர வேண்டிய வேலை பாக்கி கிடக்கிறது.

ஆரம்பிக்க என்ன வேண்டும்? பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் ஊரில் இருக்கும் நர்சுகள் ஏழெட்டுப் பேர் ஒருவர் எண்ணை ஒருவர் வாங்கிக்கொள்ளுங்கள். மே 12 செவிலியர் தினத்தன்று கேக் வெட்டுவதோடு நிற்காமல், அந்தக் குழுவின் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாநிலக் கிளைக்கு ஒருவர் ஒருவராக எழுதாமல் சேர்ந்து எழுதுங்கள், சேர்ந்தே உறுப்பினர் ஆகுங்கள். நம் பக்கம் பிரதர்களும், அதாவது ஆண் நர்சுகளும், இப்போது நிறைய இருக்கிறார்கள், அவர்களையும் விடாதீர்கள்.

பந்தியில் இலை எடுக்க வந்துவிட்டார்கள். கை கழுவும் இடத்தில் அந்தப் பெண் என்னை நிறுத்தி, சேருவதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். விண்ணப்பம், போட்டோ, பதிவுச் சான்றின் நகல் என்றேன். அவள் முகம் சட்டென்று வாடியது. ஒரிஜினல் ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம். பீரோ என்ன நிறம் என்று கேட்கலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு அவளே ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, ரொம்ப நேரம் தள்ளித் தள்ளித் தேடி, ஒரு படத்தைக் காட்டினாள். கவுன்சிலில் வாங்கி வந்த அன்று, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வைத்து எடுத்தது. ஓரத்தில் அவள் அம்மாவின் கைவிரல் தெரிந்தது.

"இது செல்லுமாக்கா?"

"நல்லாத் தெளிவா இருக்குதேம்மா. இப்பவே எனக்கு அனுப்பு" என்றேன்.